ஆஸ்பத்திரில ஆளுக்கொரு கலர் யூனிபார்ம், அது யாருக்காக?

கீழக்கரைப் பக்கம் குடும்பமா சேர்ந்து 40 பெட் ஆஸ்பத்திரி நடத்துற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. யூனிபார்ம் தைக்கிற கம்பெனிக்காரர் வந்து கேட்லாக் விரிச்சு, டாக்டருக்கு ஒரு கலர், ஹெட் நர்ஸுக்கு ஒண்ணு, ஸ்டாஃப் நர்ஸுக்கு ஒண்ணு, ட்ரெய்னிக்கு ஒண்ணு, லேப், பார்மசி, ஆயாம்மா, ஹவுஸ்கீப்பிங்னு மொத்தம் எட்டு கலர் காட்டிட்டுப் போயிருக்காராம். "இதெல்லாம் நோயாளிக்கு உண்மையிலேயே உதவுதா, இல்ல சும்மா ஷோவா, செய்யறதுன்னா என்ன கலர் வைக்கலாம்க்கா"ன்னு கேள்வி. நான் இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊருங்கள்ல 30 வருஷத்துக்கு மேல நர்ஸா இருந்தவ, கவர்மெண்ட்டுல பாதி, ரிட்டயர் ஆனப்புறம் தனியார்ல கொஞ்சம், யூனிபார்ம் மாத்துன கூத்த மட்டும் மூணு தடவ கிட்ட இருந்து பாத்திருக்கேன். உதவும் தம்பி. ஆனா எட்டு கலர் உதவாது, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

ஏன் உதவும்னு சொல்றதுக்கு ஒரு சம்பவம். ஊரு பேரு ஆஸ்பத்திரி பேரு வேணாம். வயசான மீனவர் ஒருத்தர், ஹெர்னியா ஆபரேஷன், மறுநாள் காலைல 9 மணிக்கு தியேட்டர். ராத்திரியே நைட் டூட்டி ஸ்டாஃப் கூட இருந்த அவரு சம்சாரத்துகிட்ட, அந்தம்மாகிட்ட சொல்லியாச்சு, எதுவும் குடுக்காதீங்கன்னு. விடிகாலைல வெள்ளைக் கோட்டு போட்டுட்டு ஒரு பையன் வந்து ரத்தம் எடுத்திருக்கான். அந்தம்மா அவன்கிட்ட, "ஐயா, இவுக ராத்திரியில இருந்து பட்டினி, மயக்கமா வருதுங்கிறாக, எதாச்சும் குடுக்கலாமா"ன்னு கேட்டிருக்கு. அவன் லேப் டெக்னீஷியன், அவன் எடுத்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்ல, அவன் அத மனசுல வச்சுக்கிட்டு "குடுக்கலாம்மா, அதுக்கென்ன"ன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டான். அந்தம்மா கடையில போயி நாலு இட்லியும் டீயும் வாங்கியாந்து ஊட்டிருச்சு. தியேட்டர் வாசல்ல மயக்க டாக்டர் கேக்குறாரு, எதாச்சும் சாப்ட்டீங்களான்னு, இவரு வெள்ளந்தியா "டாக்டர் சொன்னாகன்னு நாலு இட்லி தின்னேன்"ங்கிறாரு. முடிஞ்சுச்சு. மயக்க மருந்து குடுக்குறப்ப வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து, அதனாலதான் திட ஆகாரம்னா ஆறு மணி நேரம், வெறும் தண்ணின்னா ரெண்டு மணி நேரம்னு கணக்கு வச்சிருக்கு. ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போச்சு, அந்தம்மாவ ஆளாளுக்குத் திட்டுனாங்க. யாரு தப்பு? அந்தம்மா கேட்டது சரி. பையன் சொன்னதும் அவன் டெஸ்ட்டுக்குச் சரி. அந்த வெள்ளைக் கோட்டுதான் ரெண்டு பேரையும் ஏமாத்திருச்சு.

நம்ம ஆஸ்பத்திரிகள்ல வெள்ளைக் கோட்டு யாரெல்லாம் போடுறாங்கன்னு ஒரு நாள் நின்னு எண்ணிப் பாருங்க. டாக்டர், ஹவுஸ் சர்ஜன், லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி, பார்மசி, சில இடத்துல சேலைக்கு மேல நர்ஸும், டயட்டீஷியனும், இன்சூரன்ஸ் கவுண்டர்ல உக்காந்திருக்க பையனும் கூட. இதுல இன்னொரு வேடிக்கை, இளவயசு லேடி டாக்டர் ஸ்டெதஸ்கோப்ப கழுத்துல மாட்டிட்டுப் போனாலும் "சிஸ்டர், சிஸ்டர், இந்த பாட்டில் தீந்துபோச்சு"ன்னு கூப்டுவாங்க, மீசை வச்ச ஆம்பள நர்ஸ் போனா "வணக்கம் டாக்டர்"னு எந்திரிச்சு நிப்பாங்க. எங்க வார்டுல இருந்த ஒரு தம்பி தெனமும் நாலு தடவ "நான் நர்ஸ்மா"ன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப் போயிட்டான். சிஸ்டருங்கிற வார்த்தையே ஒரு தனி குழப்பம். இங்கிலீஷ்காரன் ஊருல அது வார்டு இன்சார்ஜோட பதவிப் பேரு, கன்னியாஸ்திரிங்க நர்சிங் பாத்த காலத்துல இருந்து ஒட்டிக்கிட்டது, இங்க எல்லா நர்ஸும் சிஸ்டர். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு சிஸ்டர்னா மொதல்ல ஞாபகம் வர்றது கான்வென்ட் சிஸ்டர்தான், வெள்ளை உடுப்புல ஒரு நர்ஸு ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டில் பக்கத்துல வந்து நின்னா ஜெபம் பண்ண வந்திருக்காங்கன்னு கையெடுத்துக் கும்பிட்ட பாட்டிய நானே பாத்திருக்கேன்.

வெள்ளை எப்படி வந்துச்சுன்னா, அது ஒண்ணும் ஆதிகாலத்து வழக்கம் இல்ல. 19ம் நூற்றாண்டுல பெரும்பகுதி ஐரோப்பிய டாக்டருங்க கறுப்புக் கோட்டுலதான் வேலை பாத்தாங்க, அப்ப அதுதான் மரியாதையான உடுப்பு. 1867ல லிஸ்டர் கிருமிநாசினி முறைய எழுதுனதுக்கப்புறம் சுத்தம்ங்கிற எண்ணம் மெதுவா பரவி, அழுக்கு பட்டா உடனே தெரியணும்னு வெள்ளைக்கு வந்தாங்க. அது வார்டுக்குச் சரி, தியேட்டருக்குள்ள போனா வில்லங்கம். வாலிநோக்கம் உப்பளத்துல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், உப்புக் குவியல்ல பட்டு வெளிச்சம் கண்ணக் குத்தும், கண்ணத் தொறக்க முடியாது. பெரிய லைட்டுக்குக் கீழ எல்லாரும் வெள்ளைல நின்னா தியேட்டரும் அப்படித்தான். அதனால சான் ஃபிரான்சிஸ்கோல ஹாரி ஷெர்மன்னு ஒரு சர்ஜன் 1914ல கீரைப்பச்சைக்கு மாறுனாரு. இன்னொரு காரணமும் உண்டு. ரத்தச் சிவப்பையே ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு சட்டுனு வெள்ளைத் துணியப் பாத்தா அதுல பச்சைப் பச்சையா நிழல் மிதக்கும், சிவப்ப உணர்ற செல்லு களைச்சுப் போறதால. பச்சை இல்ல நீலத் துணின்னா அந்த நிழல் அதுலயே கரைஞ்சிரும். நம்பலைன்னா ஒரு சிவப்புத் துணிய அரை நிமிஷம் இமைக்காம பாத்துட்டு செவுத்தப் பாருங்க. அதனால தியேட்டர் பச்சைக்குப் பின்னாடி கண்ணோட வேலை இருக்கு, ஆனா வார்டுல எந்தக் கலருக்கும் அந்த மாதிரி காரணம் எதுவும் கிடையாது, அங்க நாம வச்சதுதான் சட்டம்.

இங்கதான் நிறைய பேரு சறுக்குறாங்க. ஆஸ்பத்திரி முழுக்க கலர்தான தம்பி. பாட்டில் ஏத்த கைல குத்தி வைக்கிற வென்ஃபிளான் ஊசில பச்சைன்னா 18 சைஸ், பிங்க்னா 20, நீலம்னா 22, பச்சப்புள்ளைக்குப் போடுற மஞ்சள்னா 24. ரத்தம் எடுக்குற டியூப்ல கத்தரிப்பூ மூடி ரத்த அணு எண்ணுறதுக்கு, சாம்பல் மூடி சுகருக்கு. குப்பைக்கு 2016 மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஏரியாவே பிரிச்சிருக்கு. இத்தனையும் ஓடுதேன்னு யூனிபார்முக்கும் அதே மாதிரி வைப்போம்னு நினைக்கிறாங்க. ஆனா மேல சொன்னதையெல்லாம் படிக்கிறது யாரு? நாங்க. படிச்சிட்டு வந்தவங்க, தெனமும் கையாளுறவங்க. கடல்ல படகோட இடது பக்கம் சிவப்பு லைட்டு, வலது பக்கம் பச்சை லைட்டுன்னு ராமேஸ்வரத்துல இருந்து சவூதில இருக்குற ராஸ் தனுரா துறைமுகம் வரைக்கும் ஒரே விதி, அது தெரிஞ்சவன்தான் வீல் பிடிக்கிறான். 2008ல தீவிரவாதிங்க கடல் வழியா வந்த மும்பை சம்பவத்துக்கப்புறம் மாநிலத்துக்கு ஒரு கலர்னு மீன்பிடிப் படகுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்களே, கேரளாப் படகுன்னா உடம்பு நீலம், வீல்ஹவுஸ் ஆரஞ்சு, அதப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியது கோஸ்ட் கார்டு, அவங்களுக்கு அது பாடம். யூனிபார்ம் கலர படிக்க வேண்டியது நோயாளியும் கூட வந்தவங்களும். அவங்க வர்றது காய்ச்சலோட, பயத்தோட, மூணு நாளைக்கு, எந்தப் பாடமும் படிக்காம. பக்கத்து ஆஸ்பத்திரில பிங்க் போட்டவங்க நர்ஸு, உங்க ஆஸ்பத்திரில பிங்க் போட்டவங்க பெருக்குறவங்க, அப்ப அவங்க என்னதான் செய்வாங்க? வேல்ஸ்ல 2010ல நாடு முழுக்க எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரே கலர் முறை கொண்டு வந்ததுக்குக் காரணமே இதுதான், ஒரு ஆஸ்பத்திரில கத்துக்கிட்டது அடுத்த ஆஸ்பத்திரிலயும் செல்லணும். நம்ம ஊருல அப்படி ஒண்ணு இல்லாத வரைக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாஷைய தானே சொல்லிக் குடுத்தாகணும், அதுவும் அட்மிஷன் போடுற அஞ்சு நிமிஷத்துல. அஞ்சு நிமிஷத்துல எத்தனை கலர் மனசுல நிக்கும்? நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு.

கேட்லாக்ல இருக்குற எட்டு கலர எடுத்துப் பாருங்க, அதுல மூணு நர்ஸுக்குள்ள இருக்குற பதவி ஏணி. ஹெட் நர்ஸா, ஸ்டாஃபா, ட்ரெய்னியாங்கிறது எங்களுக்குள்ள பெரிய விஷயம், வாஸ்தவம்தான், பிரமோஷன் வந்தப்ப நானும் பூரிச்சுப் போனவதான். ஆனா பெட்ல கெடக்குறவருக்கு வேண்டியது மூணே கேள்விக்கு ஆளு: வைத்தியத்தப் பத்தி யார்கிட்ட கேக்கணும், மருந்து ஊசி பாட்டிலுக்கு யாரக் கூப்பிடணும், தண்ணி, பெட்பேன், பெட்ஷீட்டுக்கு யாரக் கூப்பிடணும். கலர அந்தக் கேள்விக்கு வைங்க. பதவிக்கு வைக்காதீங்க. நான் பாத்த ஒரு எடத்துல ஹெட் நர்ஸுக்கு கருநீலம், ஸ்டாஃபுக்கு மீடியம் நீலம், ட்ரெய்னிக்கு வெளிர்நீலம்னு மூணு படி வச்சாங்க, ரொம்ப அழகா இருந்துச்சு, போட்டோல்லாம் எடுத்தாங்க. ஆறு மாசம். நம்ம போர் தண்ணிய பத்திச் சொல்லணுமா, ப்ளீச்சிங் வேற, கருநீலம் வெளுத்து மீடியம் ஆச்சு, மீடியம் வெளுத்து ட்ரெய்னி ஆச்சு, புதுசா சேந்த ட்ரெய்னி புதுத் துணில பளிச்சுன்னு நின்னா அவதான் ஹெட் நர்ஸு மாதிரி தெரிஞ்சா. சீனியர் ஸ்டாஃப் ஒருத்தங்க "சர்வீஸ் ஏற ஏற நமக்கு டிமோஷன்தான்டி"ன்னு சிரிச்சாங்க. ஒரு வருஷத்துல அந்த முறையே மூட்டை கட்டியாச்சு.

கண்ணு விஷயத்த யாருமே யோசிக்கிறதில்ல. உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுல பாதிப் பேரு அம்பது அறுபது தாண்டுனவங்க, ஆயுசு முழுக்க கடல்ல, கரையில, வெயில்ல கெடந்தவங்க. கண்ணுல சதை வளந்திருக்கும், புரை விழுந்திருக்கும். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகிப் போறதால அவங்களுக்கு நீலம் மங்கித்தான் தெரியும், கருநீலமும் கறுப்பும் ஒண்ணு, வெளிர்நீலமும் சாம்பலும் ஒண்ணு. ஆபரேஷன் பண்ணிக் கட்டு பிரிச்சதும் "என்னத்தா இம்புட்டு நீலமா இருக்கு"ன்னு ஆச்சரியப்படுவாங்களே, அது இதனாலதான். இது போக ஆம்பளைங்கள்ல கொஞ்சப் பேருக்கு பொறப்புலயே சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாது, மெரூனையும் கரும்பச்சையையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒரே பழுப்பு. அதனால கலர் பேரு வேறயா இருந்தா மட்டும் போதாது, ஒண்ணு அடர்த்தி ஒண்ணு வெளிர்னு வெளிச்சத்துலயும் வித்தியாசம் இருக்கணும், கறுப்பு வெள்ளைல போட்டோ எடுத்துப் பாத்தாலும் வேற வேறயா தெரியணும்.

என் யோசனை இதுதான். வெள்ளைக் கோட்டு டாக்டருக்கு மட்டும், வேற யாரு போட்டாலும் கழட்ட வைங்க, இது ஒண்ணச் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுச்சு, இதுக்குப் பைசா செலவு இல்ல. நர்ஸ் எல்லாருக்கும் ஒரே கருநீலம், ஆணோ பெண்ணோ, இன்சார்ஜுக்கு மட்டும் கைல ஒரு அகலமான வெள்ளைப் பட்டை. லேப், எக்ஸ்ரே, பிசியோ, பார்மசி எல்லாத்துக்கும் வெளிர்சாம்பல். ஆயாம்மா, வார்டு அட்டெண்டர் மெரூன். ஹவுஸ்கீப்பிங் கடுகு மஞ்சள் மாதிரி ஒண்ணு, ஆனா அதப்பத்தி கீழ தனியா சொல்லணும். தியேட்டர் பச்சைய வெளில யாருக்கும் வைக்காதீங்க. காரணம் இருக்கு, தியேட்டர் உடுப்போட ஆளுங்க டீக்கடைக்குப் போறது நம்ம ஊரு பழக்கம், பச்சை தியேட்டருக்கு மட்டும்னு வச்சுட்டா வாசத் தாண்டுன அடுத்த நிமிஷம் வாட்ச்மேனே கண்டுபிடிச்சு "சார், உள்ள போயி மாத்திட்டு வாங்க"ன்னு சொல்லிருவாரு.

வைக்கக் கூடாத கலரு நம்ம ஜில்லாவுல நிறைய இருக்கு, மதுரைல சென்னைல இருந்து வர்ற கேட்லாக்காரருக்கு அது தெரியாது. செக்யூரிட்டிக்கு காக்கி வேணாம். அடிதடில வெட்டுப்பட்டு வர்றவரு காக்கியப் பாத்தா போலீசுன்னு நினைச்சு எப்படி அடிபட்டுச்சுங்கிறத மாத்திச் சொல்லுவாரு, வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவாரு, அது வைத்தியத்தையே கெடுக்கும். ஏர்வாடி பக்கத்துல இருந்து மனநல நோயாளிங்கள கூட்டிட்டு வந்தா அவங்களுக்கு எந்த யூனிபார்முமே பயம்தான், 2001ல அங்க தீயில 28 பேரு சங்கிலியோட மாட்டிக்கிட்டு செத்தத இந்தப் பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க, அந்த நோயாளிய பாக்குறவங்க சாதா உடுப்புல பேட்ஜ் மட்டும் குத்திட்டுப் போனா போதும். முழு வெள்ளைச் சேலை கூடவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், நான் அதுலதான் ஆயுசக் கழிச்சேன், ஆனா கல்யாணமாகி மூணு மாசம் ஆன புள்ள வெள்ளைச் சேலையக் கட்டிட்டு பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல இருக்குற கெழவி என்ன கேக்கும்னு உங்களுக்கே தெரியும். கட்சிக் கலரு இன்னொரு தலைவலி, ஒரு மீட்டிங்ல பச்சை பார்டர் வேணுமா வேணாமான்னு ரெண்டு மணி நேரம் போச்சு. இதையெல்லாம் விட முக்கியம், ரெண்டு கலரச் சேத்து பார்டர், பைப்பிங், காலர்னு எதுவும் வைக்காதீங்க. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு கலரு சேந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, கைல கட்டுற கயித்த வச்சே எந்தச் சாதின்னு சின்னப்பய சொல்லிருவான். பள்ளிக்கூடத்துல அந்தக் கயித்த தடுக்கணும்னு நீதியரசர் சந்துரு கமிட்டி 2024ல அறிக்கையே குடுத்துச்சு. நீங்க டிசைனுக்காக வச்ச பார்டர வச்சு "அந்த ஆஸ்பத்திரி அவங்க ஆளுங்களுது"ன்னு பேச்சு கெளம்பிரும். ஒரு ஆளுக்கு ஒத்தக் கலர், அதோட நிறுத்திக்கங்க.

ஹவுஸ்கீப்பிங் பத்தி சொல்றேன்னேன். தனிக் கலர் வேணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, கக்கூஸ் கழுவுன கையி நோயாளிக்குக் கஞ்சி ஊத்தக் கூடாது, ஆள் பத்தாத ராத்திரில "நீயே அந்த பாட்டில மாத்தி விட்டுருத்தா"ன்னு அவங்கள நர்ஸு வேலை செய்யச் சொல்றதும் நடக்குது, தனிக் கலரு போட்டா அது நாலு பேரு கண்ணுக்குத் தெரியும், அவங்களுக்கே ஒரு பாதுகாப்பு. ஆனா ஒரு அக்கா எங்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு: "இந்தக் கலரப் போட்டுட்டு பஸ்ஸுல போனா யாரும் பக்கத்துல உக்கார மாட்றாக சிஸ்டர்." துணியும் அவங்களுக்கு மட்டும் மட்டமான பாலியஸ்டர், வேர்வை உறிஞ்சாது, வேலை பாக்குறதுலயே கஷ்டமான வேலை அவங்களுது. அதனால துணி எல்லாருக்கும் ஒரே தரம், கலரு மட்டும்தான் வேற. அந்தக் கலர அவங்களே தேர்ந்தெடுக்கட்டும், மூணு துணிய முன்னாடி வச்சுக் கேளுங்க, நான் சொன்ன கடுகு மஞ்சள் அவங்களுக்குப் பிடிக்கலைன்னா தூக்கிப் போடுங்க. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்துற மாதிரி ஒரு ரூமும் லாக்கரும் குடுங்க, டாக்டர்ல இருந்து அவங்க வரைக்கும் யாரும் யூனிபார்மோட வீட்டுக்குப் போக வேணாம், கிருமி விஷயத்துலயும் அதுதான் சரி.

துணின்னு வந்தா சலவையப் பத்தி யோசிக்காம கலர் வாங்கக் கூடாது. இங்கிலாந்துல ஆஸ்பத்திரித் துணிய 65 டிகிரி சூட்டுல பத்து நிமிஷமோ 71 டிகிரில மூணு நிமிஷமோ வச்சுத் துவைக்கணும்னு கணக்கு, நம்ம ஊருல வாளில ஊறவச்சு ப்ளீச்சிங் பவுடர் போட்டு வெயில்ல காயப் போடுறதுதான் முறை. உப்புத் தண்ணில சோப்பு நொரைக்காது, வெள்ளை பழுப்பாகும். கலர்த் துணில ப்ளீச்சிங் ஒரு சொட்டு தெறிச்சாலும் தேமல் மாதிரி திட்டு விழுந்துரும். வேட் சாயம் போட்ட பருத்தித் துணின்னு கேட்டு வாங்குங்க, அது ப்ளீச்சிங்குக்குக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், வெலை கூடத்தான். ஆளுக்கு மூணு செட்டாவது வேணும், ஒண்ணு உடம்புல, ஒண்ணு சலவைல, ஒண்ணு வாந்தி ரத்தம் பட்டா மாத்துறதுக்கு. எல்லாத்தையும் ஒரே லாட்ல வாங்கி இன்னும் கொஞ்சம் துணிய தைக்காம வச்சுக்கங்க, ஆறு மாசம் கழிச்சு புது ஆளு சேந்தா அதே நீலம் கடைல கெடைக்காது.

உங்க ஊருக்குன்னு இன்னொண்ணு, கை. மொழங்கைக்குக் கீழ எதுவும் இருக்கக் கூடாது, வாட்ச், வளையல், முழுக்கை எதுவும் வேணாம்னு இங்கிலாந்துல 2007ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, கைய நல்லா கழுவணும்னா அது நியாயமான விதிதான். ஆனா கீழக்கரையில முஸ்லிம் பொண்ணுங்க நிறைய பேரு நர்சிங் படிச்சு வர்றாங்க, கைய மறைக்கணும்ங்கிறது அவங்களுக்கு முக்கியம், அத மதிக்காம அரைக்கைதான்னு சட்டம் போட்டா நல்ல ஸ்டாஃப இழப்பீங்க. மடிச்சு மேல ஏத்திப் பட்டன் போடுற மாதிரி முழுக்கை தைங்க, நோயாளியத் தொடுறப்ப மடிச்சுக்கலாம், இல்லைன்னா ஒரு தடவ போட்டுத் தூக்கிப் போடுற கையுறை மாதிரி ஸ்லீவ் இருக்கு, அதுவும் சரி. தலைக்கு தியேட்டர்லயே தொவச்சு ஸ்டெரிலைஸ் பண்ணுன துணில பெரிய கேப் தச்சுட்டா பிரச்சனையே இல்ல. சேலையா சுடிதாராங்கிற சண்டைக்குள்ள நான் வரல, நெஞ்ச அமுக்கி உயிர் குடுக்கக் கட்டில் மேல ஏறி முட்டி போட்டவங்களுக்குத் தெரியும் எது சௌகரியம்னு.

கலரோட பேட்ஜ் இல்லைன்னா இவ்வளவும் வீண். கொரோனா நேரத்துல எல்லாரும் தலைல இருந்து கால் வரைக்கும் ஒரே வெள்ளை உறைக்குள்ள, டாக்டர் யாரு ஆயாம்மா யாருன்னு எங்களுக்கே தெரியல, கடைசில மார்க்கர் எடுத்து நெஞ்சுலயும் முதுகுலயும் பேரு எழுதிக்கிட்டோம். அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது, நோயாளிங்க மூஞ்சி தெரியாட்டியும் அந்த எழுத்தப் படிச்சுட்டு நிம்மதியா பேசுனாங்க. இப்ப குடுக்குற பேட்ஜப் பாருங்க, இங்கிலீஷ்ல ஆஸ்பத்திரி பேரு பெருசா, லோகோ அதவிடப் பெருசா, ஆளு பேரு எறும்பு சைஸ்ல, அதுவும் கயித்துல தொங்கித் திரும்பிக்கிட்டே இருக்கும். "நர்ஸ்"னு தமிழ்ல ரெண்டு விரல் அகலத்துக்கு எழுதி நெஞ்சுல தச்சே விட்டுருங்க, பேரு அதுக்குக் கீழ. ராமேஸ்வரம் ஆஸ்பத்திரின்னா இந்தியும் வேணும்னு சொல்லுவேன், ஆடி அமாவாசை தை அமாவாசைக்கு வடக்க இருந்து வந்து தீர்த்தத்துல மயங்கி விழுறவங்களுக்கு நம்ம பேச்சும் புரியாது போர்டும் புரியாது, அங்க கலரும் படமும்தான் பேசும். உங்க ஊருக்கு தமிழ் போதும். ஒவ்வொரு பெட்டுக்கு மேலயும் ஒரு அட்டை, அதுல நாலஞ்சு பொம்மை, ஒவ்வொண்ணுக்கும் அந்தக் கலர் சட்டை, கீழ ஒரு வரி: நீலம் நர்ஸ், மருந்து பாட்டில் வலி இவங்ககிட்ட. சாம்பல் ரத்தம் எடுக்க வந்தவங்க, இவங்ககிட்ட சாப்பாட்டப் பத்திக் கேக்காதீங்க.

எப்ப மாத்துறதுன்னு கேட்டா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல மாத்தாதீங்க, கடலுக்குப் போகாம வீட்டுல இருக்குறப்பதான் நம்ம ஆளுங்க தள்ளிப் போட்ட ஹெர்னியாவுக்கும் கண்ணுக்கும் வருவாங்க, கூட்டம் கூடும். அதுக்கு முன்னாடி, கம்பெனிக்காரருக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கும் முன்னாடி, ஒவ்வொரு கலர்லயும் ஒரு முழம் துணி மட்டும் கேட்டு வாங்குங்க. உங்க போர் தண்ணில, உங்க ப்ளீச்சிங் பவுடர்ல, இருவது தடவ தொவச்சு மொட்டை மாடி வெயில்ல காயப் போடுங்க. அப்புறம் ராத்திரி வார்டு லைட்ட அணைச்சு நைட் லேம்ப் மட்டும் எரியிறப்ப, கண்ணு ஆபரேஷனுக்குக் காத்திருக்குற அப்பத்தா யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட ரெண்டு ரெண்டா காட்டிக் கேளுங்க. எந்த ரெண்டப் பாத்து "ரெண்டும் ஒண்ணுதானப்பா"ன்னு சொல்லுதோ, அதுல ஒண்ணத் தூக்கிருங்க.